ஊட்டி என்று சொல்லிப் போன ஊர்

நம் பள்ளிக்கூடக் குழுவில் தினமும் யாராவது ஒருத்தி வெளிநாட்டுப் படம் போடுகிறாள். துபாய்க் கட்டடம், சிங்கப்பூர்ப் பூங்கா, பின்னால் பனிமலை தெரிய சிவப்பு ஸ்வெட்டர். நான் மட்டும் எதுவும் போடுவதில்லை என்று போன வாரம் எல்லாரும் சேர்ந்து கேலி செய்தீர்கள். உங்களுக்கு ஒன்று சொல்லட்டுமா? நம் செட்டில் முதலில் விமானம் ஏறியவள் நான்தான். ஏழாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அயர்லாந்து போய் வந்தேன். உங்களில் ஒருத்திக்கும் தெரியாது, ஏனென்றால் ஊட்டிக்குப் போகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் போனோம்.

திரும்பி வந்து உங்களுக்கெல்லாம் ஊட்டி வர்க்கி கொடுத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? அது கோயம்புத்தூரில் வாங்கியது. விமானத்தை விட்டு இறங்கியதும் அப்பா செய்த முதல் காரியம் வர்க்கிப் பொட்டலம் வாங்கியதுதான். பொய் சொன்னால் தின்பண்டத்தோடு சொல்ல வேண்டும் என்பது அவர் கட்சி. இப்போது தலைக்குச் சாயம் போடும் வயது நமக்கும் வந்துவிட்டது. இனி இதைச் சொல்வதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அப்பாவை உங்களுக்குத் தெரியும். வேலம்பாளையத்தில் வீடும் பனியன் கம்பெனியும் ஒரே காம்பவுண்டுக்குள். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் பங்காளிப் பெரியப்பாவின் கம்பெனி. அப்பாவின் பெரியப்பா மகன். ஒரே தாத்தாவின் தோட்டத்தைப் பிரித்துக்கொண்ட இரண்டு பேரும் ஒரே தொழிலுக்கு வந்ததுதான் கஷ்டம். எங்கள் பக்கம் ஒரு மிஷின் இறங்கினால் அந்தப் பக்க மாடியில் ஒரு தலை தெரியும். அந்தப் பக்கம் லாரி வந்தால் அப்பா குளித்துக்கொண்டிருந்தாலும் வெளியே வந்து பார்ப்பார்.

அதுவரை அப்பா அடுத்த கம்பெனிக்காரர்களுக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். துணியும் அவர்களுடையது, பேரும் அவர்களுடையது. சொந்தமாக ஒரு பையர் வேண்டும் என்பதுதான் அவருடைய ஏக்கம். வெளிநாட்டிலிருந்து நம் ஊருக்குத் துணி வாங்க வருகிறவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் எதுவானாலும் இங்கே வந்ததும் பையர்தானே. ஒரே ஒரு பையர் நேராக ஆர்டர் கொடுத்துவிட்டால் போதும், அப்புறம் எவன் வாசலிலும் போய் நிற்க வேண்டியதில்லை என்று அம்மாவிடம் அடிக்கடி சொல்வார். அப்படித் தவம் கிடந்துதான் அயர்லாந்துக்காரர் கிடைத்தார். ஒல்லியாக, நெடுநெடுவென்று, முகமெல்லாம் மணிமணியாகப் புள்ளியோடு இருப்பார். சொந்த ஊரில் குழந்தைத் துணிக்கடைகள் வைத்திருந்தார்.

அவர் முதலில் எங்கள் ஊருக்குத் தை மாதம் வந்தார். கோயம்புத்தூர் விமான நிலையத்திலிருந்து அவிநாசி ரோட்டைப் பிடித்தால் ஒரு மணி நேரத்தில் வீடு. ஆனால் அந்த ரோட்டில் போகிற கார்களில் பாதி நம் ஊர்க் கம்பெனிக்காரர்களுடையது. வெள்ளைக்காரர் ஒருவர் காருக்குள் உட்கார்ந்திருப்பது ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும், சாயங்காலத்துக்குள் நாலு பேர் அவருக்கு இளநீரோடு நிற்பார்கள். அதனால் அப்பா சூலூரில் திரும்பி, பல்லடம், காங்கேயம், ஊத்துக்குளி என்று ஊரையே ஒரு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக வேலம்பாளையத்துக்குள் நுழைய முடிவு செய்தார். குடும்பம் இருக்கிற காரை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள் என்று அம்மாவையும் என்னையும் ஏற்றிக்கொண்டார். நான் இங்கிலீஷ் மீடியம் என்பதால் மொழிபெயர்க்கும் வேலையும் எனக்குத்தான். பையர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு ஈரிழைத் துண்டைச் சொருகி மறைத்தார். வெயிலுக்கு என்று நினைத்துப் பையர் நன்றி சொன்னார்.

சந்துரோடு எல்லாம் போனோம். எதிரில் தெரிந்த கார் ஏதாவது வந்தால் அப்பா சட்டென்று ஏதோ ஒரு காட்டுப்பாதையில் வண்டியைத் திருப்பச் சொல்லி டிரைவரை விரட்டுவார். பையர் அதையெல்லாம் இடம் காட்டுவதாக எடுத்துக்கொண்டார். காங்கேயம் தாண்டி எண்ணெய் மில் களத்தில் தேங்காய்ப் பருப்பு காய்கிற வாசனை வந்ததும் இறங்கிவிட்டார். கிளுவை வேலிக்குள் மேய்ந்துகொண்டிருந்த காளையின் திமிலைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்றார். அவர் காளையைப் பார்த்தார், அப்பா ரோட்டைப் பார்த்தார். நொய்யல் பாலம் வந்தபோது அப்பா என் தோளைத் தட்டி, அவருக்கு அந்தப் பக்கம் மயில் காட்டு என்றார். அன்றைக்கு ஆறு சாயப்பட்டறைத் தண்ணீரால் ஊதா நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனது. மயில் கிடையாது. நான் ஆற்றுக்கு எதிர்ப்பக்கம் கையை நீட்டினேன். பையர் பாலம் முடியும் வரை தேடிவிட்டுத் தவறவிட்டுவிட்டேனே என்று வருத்தப்பட்டார்.

மத்தியானம் ஊத்துக்குளியில் அம்மாவைப் பெற்ற அப்புச்சி வீட்டில் சாப்பாடு. அதற்கும் அப்பாவிடம் கணக்கு இருந்தது. ஒருத்தர் வீட்டில் கை நனைத்தவன் அப்புறம் அந்த வீட்டுக்காரனிடம் ரேட்டில் கறாராகப் பேச மாட்டான் என்பார். அப்புச்சி எருமை வெண்ணெயை வாழையிலையில் ஒரு உருண்டை வைத்துப் பக்கத்தில் கருப்பட்டியும் வைத்தார். பையர் விரலால் வழித்துச் சாப்பிட்டார். தன் அம்மாவும் கையாலேயே வெண்ணெய் எடுப்பதாகவும் அது நல்ல மஞ்சளாக இருக்கும் என்றும் சொன்னார். நான் தமிழில் சொன்னதும் அப்புச்சி குரலைத் தாழ்த்தினார்.

“மஞ்சளா? கலப்படமா இருக்கும் கண்ணு. அவருகிட்டச் சொல்லீராத.”

எங்கள் குடும்பத்தில் சந்தேகம் இரண்டு பக்கமும் உண்டு.

இருட்டுகிற நேரத்தில் வீடு சேர்ந்தோம். பையர் சாம்பிளைப் பார்த்தார், தையல் பிடித்திருக்கிறது என்றார். லீவில் மூன்று பேரும் என் ஊருக்கு வாருங்கள், அங்கே உட்கார்ந்து ஆர்டரை முடித்துவிடலாம் என்றார். அப்பாவின் சந்தோஷம் ராத்திரிச் சாப்பாடு வரைக்கும்தான் தாங்கியது. ரசத்தை ஊற்றிக்கொண்டே, குடும்பத்தோடு எதற்கு வரச் சொல்கிறான் என்று கேட்டார். அம்மா அப்பளத்தை வைத்தாள்.

இப்படித்தான் ஊட்டிக்குக் கிளம்பினோம். ஸ்வெட்டரைக் கொடியில் காயப்போடும்போதுகூடப் பெரியப்பா வீட்டுக்குத் தெரிகிற மாதிரி காயப்போட்டோம்.

அயர்லாந்தில் முதலில் எனக்குத் தெரிந்தது வாசனைதான். ஈரப் புல்லும், அடுப்பில் அவர்கள் எரிக்கிற காய்ந்த சேற்றுக்கட்டியின் புகையும் கலந்த வாசனை. மே மாதத்தில் குளிர் விரலைக் கடித்தது. முதல் நாள் பையர் தன் கடையைக் காட்டினார். அப்பா சாம்பிள் பெட்டியைத் திறக்கப் போனார். பையர் சிரித்துக்கொண்டே, நாளைக்கு வழியில் பேசிக்கொள்ளலாம், முதலில் ஊரைப் பாருங்கள் என்றார்.

மறுநாள் காரில் ஏற்றினார். பெரிய ரோட்டில் கொஞ்ச நேரம் போய்விட்டு, ஒரு சின்ன ரோட்டில் திரும்பினார். அதிலிருந்து இன்னும் சின்ன ரோடு. கடைசியில் நடுவில் புல் முளைத்திருக்கிற ரோடு. இரண்டு பக்கமும் மண்ணே பூசாமல் அடுக்கிய கல்சுவர். அப்பா முன்சீட்டில் சாம்பிள் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் வைக்கலாமே என்று பையர் இரண்டு தடவை கேட்டும் கொடுக்கவில்லை. அந்தப் பெட்டிக்குள் இருந்தது குழந்தைகளுக்கான பனியனும் ஜட்டியும்தான். ஆனால் அப்பாவுக்கு அதுதான் எல்லாம்.

சின்ன ரோட்டில் நுழைந்ததுமே அப்பாவின் முகம் மாறிவிட்டது. பெரிய ரோடு இருக்கும்போது ஒருத்தன் பையரைச் சந்து வழியாக எதற்குக் கூட்டிப்போவான் என்று அவருக்குத் தெரியாதா என்ன? அவருக்குத் தெரிந்த ஒரே காரணம், ஊரில் அவரே அப்படிச் செய்த காரணம்தான்.

அப்புறம் அந்த விரல். எதிரில் எந்த வண்டி வந்தாலும், டிராக்டராகவே இருந்தாலும், பையர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஆட்காட்டி விரலை மட்டும் மெல்லத் தூக்குவார். எதிரில் வருகிறவரும் தூக்குவார். கிராமத்து ரோட்டில் எதிர்ப்படுகிற எல்லாருக்கும் அவர்கள் சொல்கிற வணக்கம் அது. நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் காங்கேயம் ரோட்டில் தனியாக ஓட்டும்போது நான் அப்படி விரலைத் தூக்குவதுண்டு, எதிரில் வருகிறவர் இண்டிகேட்டரைச் சரிபார்த்துக்கொள்வார். அப்பா அன்று அந்த விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். டீ குடிக்க நிறுத்தியபோது அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டார்.

“சைகை காட்டறான் பாத்தியா? போற வாறவன் பூராப் பேருத்துக்கும் தகவல் போகுது. நம்மள எவனோ ஒருத்தன் கண்ணுல படாம வெச்சிருக்கான்.”

“ஏனுங்க, மருவாதைக்குக் காட்டறாருங்க,” என்றாள் அம்மா.

“தெரியாதவனுக்கெல்லாம் எவன் மருவாதை குடுப்பான்?”

நம் ஊர் இன்னொரு கம்பெனிக்காரரும் அதே சமயம் அங்கே வந்திருக்க வேண்டும், அநேகமாகப் பெரியப்பாவேதான், அவரும் நாமும் ஓட்டலில் சந்தித்துவிடக் கூடாது என்றுதான் நம்மைக் காட்டுக்குள் சுற்றவிடுகிறான் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகிவிட்டது. மலைச்சரிவில் மேய்ந்த ஆடுகளின் முதுகில் நீலமும் சிவப்பும் பூசியிருந்தது. யாருடைய ஆடு என்று தெரிவதற்கான அடையாளம் என்று பையர் சொன்னார். அப்பா அதை நம்பவில்லை. ஒரு பாலத்தின் அடியில் ஆறு டீத்தண்ணி நிறத்தில் ஓடியது. சேற்றுநிலத்திலிருந்து வருவதால் அந்த நிறம், நல்ல தண்ணீர்தான் என்றார் பையர். அப்பா என்னைத் திரும்பிப் பார்த்தார். “சாயப்பட்டறை இருக்குது கண்ணு. மறைக்கறான்,” என்றார் தமிழில். பாவம் பையர், எங்களுக்கு மயில் காட்ட அவருக்குத் தோன்றவில்லை.

இரண்டு நாள் இப்படிப் போனது. ஆர்டரைப் பற்றிப் பையர் ஒரு வார்த்தை பேசவில்லை. இதோ இந்த மேட்டில்தான் நான் பள்ளிக்கூடத்துக்கு நடந்து போனேன், இந்தக் குளத்தில்தான் என் தம்பி விழுந்தான் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். அப்பா வெளியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம், மழை தூறிக்கொண்டிருக்கும்போது, இப்போது என் அம்மா வீட்டுக்குச் சாப்பிடப் போகிறோம், அங்கே வைத்து ஆர்டர் பேசலாம் என்றார்.

அதையும் சொன்னேன். அப்பா பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“கை நனைக்க வெச்சு ரேட்டக் கொறைக்கப் பாக்கறான். நம்ம வேலையவே நம்மகிட்டக் காட்டறான்.”

“அவிங்கம்மா ஊட்டுக்குக் கூப்புடறாருங்க. வேறொண்ணும் இல்லீங்க,” என்றாள் அம்மா.

வளைவு திரும்பியதும் வீடு தெரிந்தது. வெள்ளைச் சுவர், தாழ்வான கூரை, சிவப்புக் கதவு. வாசலில் இரண்டு மூன்று கார்கள் நின்றன. ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து தலைகள். கேட்டில் ஏப்ரன் கட்டிய ஒரு வயதான அம்மா தலைமேல் செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு மழையில் நின்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்தத் தலைகள் எல்லாம் இந்தியாவிலிருந்து வருகிறவர்களைப் பார்க்க வந்த அண்ணன் தம்பிகள், அக்கம்பக்கத்தார். இப்போது யோசித்தால் அது எவ்வளவு சாதாரணமாகத் தெரிகிறது. அப்பா பார்த்தது கார்களையும் தலைகளையும் மட்டும்தான். உள்ளே ஏஜென்டுகள் உட்கார்ந்திருக்கிறார்கள், பெரியப்பாவும் இருக்கலாம், நாலு பேர் முன்னால் உட்காரவைத்து ரேட்டை உடைக்கப் போகிறார்கள் என்று அவருக்கு உறுதியாகிவிட்டது.

“கண்ணு, படுத்துக்கோ. உனக்குக் காய்ச்சல்னு சொல்லோணும்.”

“எனக்குக் காய்ச்சல் இல்லீங்கப்பா.”

“இருக்குது. படு.”

படுத்தேன். அப்பா தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், பேபி ஃபீவர், ஹோட்டல், ஹோட்டல் என்றார். பையர் பதறிப்போய் வண்டியை நிறுத்தினார். பின்னால் திரும்பி என் நெற்றியைத் தொட வந்தார், அப்பா அவர் கையைப் பிடித்துத் தடுத்தார். பையர் இறங்கி ஓடித் தன் அம்மாவிடம் என்னவோ சொன்னார். அந்த அம்மா வீட்டுக்குள் போனார், செய்தித்தாள் கேட்டிலேயே விழுந்து கிடந்தது. திரும்பி வந்து எங்கள் கார்க் கண்ணாடி வழியாக ஒரு தட்டை நீட்டினார். விளிம்பில் நீலக்கோடு போட்ட பீங்கான் தட்டு. துணி போட்டு மூடிய பழுப்பு ரொட்டி, பக்கத்தில் மஞ்சள் வெண்ணெய். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், ஆனால் இடுக்கு வழியாகப் பார்த்தேன். அம்மா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். அந்த அம்மாவின் ஈரமான விரல்கள் என் கன்னத்தை ஒரு நொடி தொட்டுவிட்டுப் போயின.

திரும்பும் வழியில் பையர் மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தார். உங்கள் ஊரில் ஒரு பகல் முழுக்க உங்கள் மண்ணை எனக்குக் காட்டினீர்கள், உங்கள் மனைவியின் அப்பா வீட்டில் சாப்பாடு போட்டீர்கள், வேறு எந்தக் கம்பெனிக்காரரும் ஆபீஸ் அறையைத் தாண்டி என்னை விட்டதில்லை, அதே மாதிரி நானும் செய்ய வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன் என்றார். அப்பாவுக்குப் பாதி புரிந்திருக்காது. எஸ், எஸ் என்றார். மொழிபெயர்க்க வேண்டியவள் காய்ச்சலில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் விமான நிலையத்தில் அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “பையர் பேச்சு அப்படித்தான் இருக்கும் சாமி,” என்றார்.

ரொட்டியைத் தின்னக் கூடாது என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா ஓட்டல் அறையில் அவர் குளிக்கப் போன நேரத்தில் பிய்த்து வெண்ணெய் தடவி எனக்குக் கொடுத்தாள், தானும் தின்றாள். பிள்ளைக்கென்று கொடுத்ததைக் கீழே போடுவதா என்றாள். நன்றாகத்தான் இருந்தது. உப்புப் போட்ட வெண்ணெய். தட்டைத் தன் சேலைகளுக்கு நடுவில் சுற்றிவைத்தாள்.

ஊருக்கு வந்த பிறகு பையரிடமிருந்து எதுவும் வரவில்லை. அப்பாவும் எதுவும் அனுப்பவில்லை. முதலில் பேசுகிறவன் இறங்கிப் போக வேண்டியிருக்கும் என்றார். வேறு கம்பெனித் துணி மறுபடியும் எங்கள் மேஜைக்கு வந்தது. அம்மா அந்தத் தட்டைப் பூஜை அலமாரிக்கு மேல் வைத்து வாரம் ஒருமுறை துடைத்தாள். தட்டோ கிண்ணமோ, அடுத்தவர் வீட்டு ஏனத்தை வைத்துக்கொள்ளவும் கூடாது, வெறுமனே திருப்பிக் கொடுக்கவும் கூடாது என்பது நம் பக்கத்துப் பழக்கம். அது அவளைத் தூங்கவிடவில்லை.

அடுத்த தையில் பையர் வந்தார். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம். ஏதோ ஒரு ஏஜென்ட் மூலமாகப் பெரியப்பாவுக்குப் போயிருந்தார். அப்பா மாடியிலிருந்து அந்த நெட்டை உருவத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். நான் அப்போதே சொன்னேனா இல்லையா என்று அம்மாவிடம் கேட்டார். அவர் முகத்தில் துக்கமும் இருந்தது, ஜெயித்த மாதிரி ஒரு களையும் இருந்தது.

அம்மா காலையில் ஊத்துக்குளியிலிருந்து வந்திருந்த வெண்ணெயை அந்தத் தட்டில் உருட்டிவைத்தாள். பக்கத்தில் கருப்பட்டி. மேலே வெள்ளைத் துணி. என் கையைப் பிடித்துக்கொண்டு எங்கள் கம்பெனி வழியாகக் கேட்டை நோக்கி நடந்தாள். அப்பா வழியில் நின்றார்.

“எங்க போற?”

“ஏனம் திருப்பிக் குடுக்கப் போறனுங்க.”

அப்பா விலகினார். என்ன கொண்டுபோகிறாள், யாருக்குச் சொல்லி அனுப்பினாள், எத்தனை நாளாக இது நடக்கிறது என்றெல்லாம் அவர் கண்ணில் ஓடியது. பதினைந்து வருஷம் அவர் கூடவே இருந்தவளை அன்றைக்கு முதல்முறையாக அப்படிப் பார்த்தார்.

பங்காளி வீட்டு வாசலை அம்மா மிதித்து வருஷக்கணக்காகியிருந்தது. பெரியப்பா திகைத்துப்போய் நாற்காலியை நகர்த்தினார். பையர் தட்டைப் பார்த்ததும் எழுந்துவிட்டார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, வெண்ணெயைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். காய்ச்சல் சரியாகிவிட்டதா என்று கேட்டார். மழையில் அந்த ரோடுகளில் குழந்தையை அலைக்கழித்தது தன் தப்பு, உன் அப்பா கோபப்பட்டது நியாயம்தான், அந்த வெட்கத்தில்தான் எழுதவே கை வரவில்லை என்றார். அவர் அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சர்ச்சில் எனக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறாராம். போனில் பேசும்போதெல்லாம், அந்தப் பெண்ணுக்குச் சரியாகிவிட்டதா, ஏதாவது தகவல் வந்ததா என்று கேட்கிறாராம்.

நான் அம்மாவிடம் சொன்னேன். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“செரியாப் போச்சுன்னு சொல்லு கண்ணு. அன்னிக்கே செரியாப் போச்சுன்னு சொல்லு.”

சொன்னேன். பையர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒரு சந்தேகமும் இல்லை.

திரும்பி வந்தபோது அப்பா எங்கள் கேட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அம்மா அவரைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். அவர் என் தோளில் கைபோட்டு, மிஷின் சத்தம் கேட்காத மூலைக்குக் கூட்டிப்போனார்.

“என்ன கண்ணு கேட்டான்?”

“காய்ச்சல் செரியாப் போச்சான்னு கேட்டாருங்கப்பா. அவிங்கம்மா எனக்கோசரம் சாமி கும்புட்டுட்டே இருக்காங்களாமுங்க.”

சொல்லிவிட்டேன், இப்போது புரிந்துவிடும், இப்போது அவரே சுவருக்கு அந்தப் பக்கம் போவார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் என் காதருகே கேட்டார்.

“அது செரி சாமி. வேற என்ன கேட்டான்?”